பன்னிரண்டாவது ஆட்டக்காரர்

நுழையும்முன்

கால்பந்தில் ஓர் அணிக்குப் 11 பேர். அந்த அணிக்காகக் குரல் கொடுக்கும் கூட்டத்தைப் ‘பன்னிரண்டாவது ஆட்டக்காரர்’ என்று அழைக்கும் வழக்கம் உலகெங்கும் உண்டு. இது வெறும் புகழ்மொழியா, அளந்து காட்டத்தக்க உண்மையா? பந்தைத் தொடாதவர்களின் குரல் ஆட்டத்தின் போக்கை எவ்வழியாக மாற்றுகிறது? அந்தக் குரல் எப்போதும் நன்மையே செய்கிறதா?

ஓசையற்ற அரங்கு

2020ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் ஜெர்மனியின் டார்ட்மண்ட் நகர அரங்கில் ஒரு விந்தை நிகழ்ந்தது. லீக் ஆட்டங்களின்போது 81,000 பேருக்குமேல் கூடும் அரங்கு அது. அதன் தெற்குப் பகுதியில் மட்டும் ஏறத்தாழ 25,000 பேர் மஞ்சள் உடையுடன் நெருக்கியடித்து நின்றபடியே ஆட்டம் பார்ப்பர். அப்பகுதிக்கு ‘மஞ்சள் சுவர்’ என்றே பெயர். கொரோனா பெருந்தொற்றால் இரு மாதங்களாக நின்றிருந்த ஜெர்மானிய லீக் அன்று மீண்டும் தொடங்கியது. எதிரணி, அண்டை நகரத்தின் நெடுநாள் போட்டியாளரான ஷால்கே. ஆனால், அரங்கில் பார்வையாளர் ஒருவர்கூட இல்லை. பயிற்றுநரின் அதட்டலும் பந்து காலில் படும் ஓசையும் தொலைக்காட்சியில் துல்லியமாகக் கேட்டன. டார்ட்மண்ட் 4–0 என வென்றது. வென்ற ஆட்டக்காரர்கள் வழக்கம்போல் தெற்குப் பகுதியை நோக்கிச் சென்று, வெறுமையாய்க் கிடந்த அந்தச் சுவரை வணங்கி நின்றனர்.

கூட்டம் இல்லாமலேயே நான்கு கோல் வேறுபாட்டில் வெல்ல முடியுமெனில், கூட்டத்தால் ஆவது என்ன? பத்தே நாள்களில் அதே வெற்று அரங்கில் பயர்ன் மியூனிக் அணியிடம் டார்ட்மண்ட் 0–1 எனத் தோற்றது. ஓர் ஆட்டத்தையோ இரண்டு ஆட்டங்களையோ கொண்டு இவ்வினாவுக்கு விடை காண இயலாது. நூற்றுக்கணக்கான ஆட்டங்களைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் ஓர் ஒழுங்கு புலப்படும்.

அத்தகைய வாய்ப்பை இங்கிலாந்து அளித்தது. அந்நாட்டு லீக் 1888ஆம் ஆண்டில் தொடங்கியது. சொந்த ஊரில் ஆடும் அணிகள் பெறும் வெற்றிகளே மிகுதி என்பது அதன் முதல்நிலைப் பிரிவில் மாறாத வழக்கமாக இருந்துவந்தது. 2020–21ஆம் பருவத்தில் அது முதன்முறையாக மாறியது. பெரும்பாலும் வெற்று அரங்குகளில் நடந்த அப்பருவத்தின் 380 ஆட்டங்களில், சொந்த ஊர் அணிகள் 144 ஆட்டங்களில் வென்றன. வந்து ஆடிய அணிகளோ 153 ஆட்டங்களில் வென்றன. எஞ்சிய 83 ஆட்டங்கள் வெற்றி தோல்வியின்றி முடிந்தன.

அப்பருவத்தில் லிவர்பூல் அணிக்கு நேர்ந்ததை எடுத்துக்காட்டாகப் பலர் கூறுவர். 2017 ஏப்ரல் முதல் தன் ஆன்ஃபீல்டு அரங்கில் 68 லீக் ஆட்டங்களில் தோல்வியே காணாத அணி அது. 2021 ஜனவரி 21 அன்று பர்ன்லி அணியிடம் தோற்றது. அதனையும் சேர்த்துத் தொடர்ச்சியாக ஆறு உள்ளூர் ஆட்டங்களில் தோற்றது. அவ்வணியின் வரலாற்றில் அதற்குமுன் அப்படி நேர்ந்ததில்லை. மறுபருவத்தில் கூட்டம் திரும்பியதும், உள்ளூரில் ஆடிய 19 லீக் ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. கேட்பதற்கு அழகான கதை. ஆயினும் முழுக்கதை இதுவன்று. தோல்வி காணாத அந்த 68 ஆட்டங்களுள் கடைசிச் சில மாத ஆட்டங்கள் பார்வையாளர் இன்றியோ, மிகச் சிலர் முன்னிலையிலோ நடந்தவை. தோற்கத் தொடங்கிய காலத்தில் வான் டைக் உள்ளிட்ட முதன்மைத் தடுப்பாட்டக்காரர்கள் காயத்தால் விலகியிருந்தனர். விரும்பும் முடிவுக்கு ஏற்ற சான்றுகளை மட்டும் பொறுக்கியெடுப்பது விளையாட்டைப் பற்றி எழுதுவோர் பலரிடம் காணப்படும் பழக்கம். நாம் சற்று விழிப்புடன் நடப்போம்.

தன்னூருக்கு யானை

தன்னூருக்கு யானை, அயலூருக்குப் பூனை என்பது பழமொழி. சொந்த ஊரில் வலிமை கூடுவதற்குக் கூட்டம் மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. பயணக் களைப்பு இல்லை. பழகிய உணவு, பழகிய படுக்கை. புல்தரையின் மேடுபள்ளம் காலுக்குத் தெரியும். சில ஊர்களில் காற்றே துணை நிற்கும். பொலிவியாவின் லா பாஸ் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,600 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றழுத்தம் குறைவாதலால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் உயிர்வளி குறைவு. 2009 ஏப்ரல் 1 அன்று மாரடோனா பயிற்றுநராக இருக்க, மெஸ்ஸி களத்தில் ஆட, அர்ஜென்டினா அங்கே 1–6 எனத் தோற்றது. அதனை முழுவதும் கூட்டத்தின் கணக்கில் எழுதுவது முறையாகாது.

அப்படியானால், கூட்டத்தின் பங்கை மட்டும் தனியே பிரித்தறிவது எங்ஙனம்? ஆய்வாளர்கள் இத்தாலியில் ஒரு நல்வாய்ப்பைக் கண்டனர். மிலான் நகரின் ஏசி மிலான், இன்டர் ஆகிய இரண்டு அணிகளுக்கும் சான் சீரோ என்னும் ஒரே அரங்குதான் சொந்தம். ரோம் நகரின் ரோமா, லாட்சியோ அணிகளும் அவ்வாறே ஒரே அரங்கில் ஆடுபவை. இவ்வணிகள் தமக்குள் மோதும்போது இரண்டுக்குமே பயணம் இல்லை, இரண்டுக்கும் அதே புல்தரை, அதே காற்று. பருவத்துக்கு இருமுறை நடக்கும் அம்மோதலில் ஒருமுறை ஓர் அணியும் மறுமுறை மற்ற அணியும் உள்ளூர் அணியாகப் பெயரளவில் குறிக்கப்படும். மாறுவது ஒன்றே: உள்ளூர் அணி எனக் குறிக்கப்பட்டதன் பருவச்சீட்டுக்காரர்களே அன்று இருக்கைகளில் மிகுதியாக அமர்ந்திருப்பர். இத்தகைய ஆட்டங்களை ஆராய்ந்தபோது, அப்போதும் உள்ளூர் அணிக்கே வெற்றி வாய்ப்பு கூடியிருந்தது. பிற காரணங்கள் எல்லாம் சமமாகிவிட்ட இடத்தில் எஞ்சி நிற்பது கூட்டத்தின் குரலே.

கரப்பான்பூச்சியும் ஆட்டக்காரரும்

பிறர் பார்க்கும்போது நம் செயல் ஏன் மாறுகிறது என்பது உளவியலின் பழைய வினாக்களுள் ஒன்று. தனியே கடிகாரத்தை எதிர்த்து மிதிவண்டி ஓட்டுவோரைவிட, மற்றவரோடு சேர்ந்து போட்டியில் ஓட்டுவோர் விரைவாகச் செல்வதை நார்மன் டிரிப்லெட் 1898ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். ஆனால், பிற்காலச் சோதனைகள் சிலவற்றில், பிறர் முன்னிலையில் மனிதர்கள் தடுமாறவும் செய்தனர். இந்த முரணுக்கு ராபர்ட் ஸயான்ஸ் 1965இல் ஒரு விளக்கம் தந்தார். பிறர் இருப்பது உடலையும் மனத்தையும் கிளர்ச்சியுறச் செய்கிறது. அக்கிளர்ச்சி, நன்கு பழகிய செயலை மேலும் செம்மையாக்கும். பழகாத, சிக்கலான செயலைக் குலைத்துவிடும் என்பது அவர் கருத்து.

இதனை மெய்ப்பிக்க அவரும் அவருடன் பணியாற்றியோரும் தேர்ந்தெடுத்தவை கரப்பான்பூச்சிகள்! வெளிச்சத்தைக் கண்டால் இருளுக்கு ஓடுவது அவற்றின் இயல்பு. நேரான பாதையில் ஓடவிட்டு, இருபுறமும் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் வேறு கரப்பான்பூச்சிகளை ‘பார்வையாளர்களாக’ வைத்தபோது, ஓடும் பூச்சியின் வேகம் கூடியது. திருப்பங்கள் உள்ள பாதையில் அதே பார்வையாளர்களை வைத்தபோது வேகம் குறைந்தது. 1969இல் வெளியான இவ்வாய்வு இன்றும் உளவியல் வகுப்புகளில் சிரிப்புடன் நினைவுகூரப்படுகிறது. ஆனால், அதன் கருத்து சிரித்துத் தள்ளத்தக்கதன்று. பந்தைத் துரத்தி ஓடுவதும், உடலால் மறித்துப் பந்தைப் பறிப்பதும் ஆட்டக்காரருக்கு மூச்சு விடுவதுபோல் பழகியவை. கூட்டத்தின் முழக்கம் அவற்றுக்கு வலுவூட்டும். வாழ்நாளில் ஒருமுறையே வரக்கூடிய ஓர் இறுதியாட்டத்தின் பெனால்டி உதை அத்தகையதன்று.

உடலின் வேதியியலும் இதில் பங்கு கொள்கிறது. நிக் நீவ், சாண்டி வுல்ஃப்சன் ஆகிய இருவரும் கால்பந்து ஆட்டக்காரர்களின் உமிழ்நீரை ஆய்ந்து 2003இல் முடிவுகளை வெளியிட்டனர். வெளியூர் ஆட்டத்துக்கு முன்பு இருப்பதைவிட, உள்ளூர் ஆட்டத்துக்கு முன்பு டெஸ்டோஸ்டிரோன் என்னும் இயக்குநீர் கூடுதலாக இருந்தது. கடும்பகை பாராட்டும் அணியோடு மோதும் நாளில் அது மேலும் உயர்ந்தது. விலங்குகள் தம் எல்லையைக் காக்க முனைவதை ஒத்த உணர்ச்சி இது என அவர்கள் கருதினர். கூட்டத்தால் மட்டும் விளைந்தது இது என்று கூற முடியாவிடினும், ‘இது நம் மண்’ என்னும் உணர்வை ஊட்டுவதில் கூட்டத்துக்குள்ள பங்கை மறுக்க இயலாது.

நடுவரின் செவி

கூட்டம் தன் அணிக்குத்தான் ஊக்கம் தருவதாக நினைத்துக் கூவுகிறது. ஆனால், அக்கூவலால் மிகவும் அசைக்கப்படுபவர் ஆட்டக்காரர் அல்லர். இரு பக்கமும் சாராமல் நிற்க வேண்டிய நடுவர் என்பதே ஆய்வுகள் காட்டும் வியப்பான செய்தி.

ஆலன் நெவில் தலைமையிலான குழு 2002இல் வெளியிட்ட ஆய்வில், தகுதி பெற்ற நடுவர்கள் 40 பேர் கலந்துகொண்டனர். லிவர்பூலும் லெஸ்டரும் மோதிய ஆட்டமொன்றிலிருந்து, இருவர் பந்துக்காக மோதிக்கொள்ளும் 47 காட்சிகள் அவர்களுக்குக் காட்டப்பட்டன. ஒவ்வொன்றிலும் விதிமீறல் உண்டா இல்லையா எனக் கூற வேண்டும். ஒரு பகுதியினர் கூட்டத்தின் இரைச்சலோடு பார்த்தனர். மற்றவர் ஒலியின்றிப் பார்த்தனர். காட்சிகள் ஒன்றே, விதிகள் ஒன்றே. இரைச்சலைக் கேட்டவர்கள் உள்ளூர் அணிமீது கூறிய விதிமீறல்கள் 15.5 விழுக்காடு குறைவாக இருந்தன! அவர்கள் தம் முடிவுகளில் ஐயம் மிக்கவர்களாகவும் காணப்பட்டனர். இதில் நுட்பம் ஒன்று உண்டு. இரைச்சல், எதிரணிமீது பொய்க்குற்றம் சுமத்தச் செய்யவில்லை. சொந்த அணியின் குற்றத்தைக் கூறும் துணிவையே குறைத்தது. ஊதுகுழலை வாய்வரை கொண்டுசென்று, ஊதாமல் இறக்கிவிடும் அந்த நொடியில்தான் கூட்டம் வெல்கிறது.

ஸ்பெயினில் வேறொரு சான்று கிடைத்தது. காயம் முதலியவற்றால் வீணான நேரத்தை ஈடுகட்ட, 90 நிமிடம் முடிந்தபின் எவ்வளவு நேரம் சேர்ப்பது என்பது நடுவரின் கையில் உள்ளது. உள்ளூர் அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தால் நடுவர்கள் நேரத்தை நீட்டினர். ஒரு கோல் முன்னே இருந்தால் விரைவில் முடித்தனர். இவ்விரு நிலைகளிலும் சேர்க்கப்பட்ட நேரத்தை ஒப்பிட்டால், முன்னது பின்னதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு. வேறுபாடு இரண்டு கோலுக்குமேல் சென்று, முடிவு உறுதியாகிவிட்ட ஆட்டங்களில் இச்சாய்வு காணப்படவில்லை. கூட்டத்துக்கு அக்கறை இல்லாதபோது நடுவர்க்கும் நெருக்கடி இல்லை.

ஜெர்மனியில் நடந்த ஆய்வு, தூரத்தையே அளவுகோலாக்கியது. சில அரங்குகளில் புல்தரையைச் சுற்றி ஓட்டப்பந்தயத் தடம் இருக்கும். அதனால் பார்வையாளர் சற்றுத் தொலைவில் அமர்ந்திருப்பர். அத்தகைய அரங்குகளில் நடுவரின் சாய்வு குறைவாக இருந்தது. சில மீட்டர் இடைவெளி, நீதியைச் சிறிது காத்தது எனலாம்.

2007 பிப்ரவரியில் இத்தாலியின் கட்டானியா நகர ஆட்டத்தின்போது மூண்ட கலவரத்தில் காவல் அலுவலர் ஒருவர் உயிரிழந்தார். அதன்பின், பாதுகாப்பு விதிகளை நிறைவு செய்யாத அரங்குகளில் பார்வையாளர் இன்றியே ஆட்டம் நடத்தப்பட்டது. கூட்டம் இருந்த ஆட்டங்களோடு இவற்றை ஒப்பிட்டபோது, கூட்டம் இருந்தால் வெளியூர் ஆட்டக்காரர் கடுமையாகவும் உள்ளூர் ஆட்டக்காரர் மென்மையாகவும் தண்டிக்கப்பட்டது தெரியவந்தது. பெருந்தொற்றுக் காலத்து வெற்று அரங்குகளும் இதனை உறுதி செய்தன. வெளியூர் அணிகள் கூடுதலாகப் பெற்றுவந்த மஞ்சள் அட்டைகளின் வேறுபாடு பல நாடுகளில் சுருங்கியது.

நடுவர்கள் நேர்மையற்றவர்கள் என்பது இதன் பொருளன்று. நொடிக்கும் குறைவான நேரத்தில் முடிவெடுக்க வேண்டியவர், கண்ணுக்குத் தெளிவாகப் புலப்படாத இடத்தில் செவி தரும் குறிப்பையும் தம்மை அறியாமலே சேர்த்துக்கொள்கிறார். பல்லாயிரம் பேர் ஒருசேரக் கத்தும்போது ‘ஏதோ நடந்திருக்கிறது’ என மனம் நம்புகிறது. விலை கொடுத்து வாங்கப்படும் சாய்வைச் சட்டத்தால் பிடித்துவிடலாம்; இத்தகைய சாய்வைப் பிடிப்பது அரிது.

மாரக்கானாவின் பாரம்

கூட்டத்தின் ஆதரவு சுமையாக மாறுவதும் உண்டு. 1950 ஜூலை 16, ரியோ டி ஜெனிரோ நகரின் மாரக்கானா அரங்கு. உலகக்கோப்பையின் கடைசி ஆட்டம். சீட்டு வாங்கி நுழைந்தோர் மட்டும் 1,73,000க்கும் மேல். மொத்தக் கூட்டம் ஏறத்தாழ இரண்டு லட்சம் எனக் கணிக்கப்படுகிறது. பிரேசில் அதே அரங்கில் முந்தைய இரு ஆட்டங்களில் ஸ்வீடனை 7–1 எனவும் ஸ்பெயினை 6–1 எனவும் நொறுக்கியிருந்தது. உருகுவேயுடன் சமன் செய்தாலே கோப்பை பிரேசிலுக்கு. இடைவேளைக்குப் பின் இரண்டாம் நிமிடத்திலேயே பிரியாசா கோல் அடித்தார். அரங்கு அதிர்ந்தது.

உருகுவேயின் தலைவர் ஒப்துலியோ வரேலா அப்போது செய்த செயல் கால்பந்து வரலாற்றில் நிலைத்துவிட்டது. அவர் வலைக்குள் கிடந்த பந்தை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். விரைந்து ஆட்டத்தைத் தொடங்கவில்லை. நடுவரிடம் சென்று, கோல் செல்லாது என்று நிதானமாக வாதிட்டார். வாதத்தில் வெல்ல முடியாது என்பது அவருக்குத் தெரியும். அவருக்கு வேண்டியது நேரம். முழக்கம் அடங்கும் வரையிலான நேரம். தம் அணியினரின் நெஞ்சம் படபடப்பு நீங்கி மீண்டும் ஆட்டத்துக்குத் திரும்ப அதுவே போதுமானது. உளவியலாளர்கள் பின்னாளில் சோதனைகளால் அறிந்ததை அவர் பட்டறிவால் அறிந்திருந்தார். 66ஆம் நிமிடத்தில் ஷியாஃபினோ சமன் செய்தார். அப்போதும் கோப்பை பிரேசிலின் பக்கமே இருந்தது. ஆயினும் அரங்கின் ஒலி அச்சத்தின் அமைதியாக மாறிவிட்டது. 79ஆம் நிமிடத்தில் கிஜியா உதைத்த பந்து, கோல்காப்பாளர் பர்போசாவுக்கும் கம்பத்துக்கும் இடைப்பட்ட சிறு வெளியில் புகுந்தது. 2–1.

அந்தத் தோல்வியின் பழி பர்போசாமேல் விழுந்தது. 2000ஆம் ஆண்டில் இறக்கும்வரை அது அவரை விடவில்லை. பிரேசில் அன்று அணிந்திருந்த வெள்ளைச் சட்டைகூடத் தீநிமித்தமாகக் கருதப்பட்டுக் கைவிடப்பட்டது. இன்று உலகம் அறிந்த மஞ்சள் சட்டை அதற்குப்பின் வந்ததே. சட்டையை மாற்றிக்கொள்ள நாட்டால் முடிந்தது. தன் முகத்தை மாற்றிக்கொள்ளப் பர்போசாவால் முடியவில்லை. 2014இல் பிரேசில் மீண்டும் தன் மண்ணில் உலகக்கோப்பையை நடத்தியது. ஜெர்மனியுடனான அரையிறுதியில் 23ஆம் நிமிடம் முதல் 29ஆம் நிமிடத்துக்குள் நான்கு கோல்களை வாங்கி, 1–7 எனத் தோற்றது. அன்று கூட்டம் தன் சொந்த அணியை நோக்கியே ஏளன ஒலி எழுப்பியது.

இதற்கு எதிர்ச்சான்றுகளும் உள. உருகுவே, இத்தாலி, இங்கிலாந்து, மேற்கு ஜெர்மனி, அர்ஜென்டினா, பிரான்ஸ் ஆகிய ஆறு நாடுகள் தம் மண்ணிலேயே உலகக்கோப்பையை வென்றுள்ளன. 2002ஆம் ஆண்டுக்குமுன் உலகக்கோப்பையில் ஓர் ஆட்டத்திலும் வென்றிராத தென்கொரியா, அவ்வாண்டு ஜப்பானுடன் இணைந்து போட்டியை நடத்தியபோது, செங்கடலெனத் திரண்ட கூட்டத்தின் முன் அரையிறுதிவரை சென்றது. 2022இல் கத்தார் தன் மண்ணில் ஆடிய மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. திறன் இல்லாத இடத்தில் குரல் தனியே கோல் அடிப்பதில்லை.

தேயும் சாய்வு

சொந்த ஊரின் வலிமை மெல்ல மெல்லத் தேய்ந்து வருகிறது. ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஆடவர் போட்டிகளில், 1970களின் நடுப்பகுதியில் உள்ளூர் வெற்றி 61 விழுக்காடும் வெளியூர் வெற்றி 19 விழுக்காடுமாக இருந்தன. பின்னர் அவை முறையே 47, 30 என ஆயின. வசதியான பயணம், ஒரே தரத்திலான புல்தரைகள், நிகழ்படம் பார்த்துத் தீர்ப்பை மறுஆய்வு செய்யும் முறை ஆகியன இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. இரு ஆட்டங்களின் மொத்தக் கோல்கள் சமமானால், வெளியூரில் மிகுதியாகக் கோல் அடித்த அணியே வென்றதாகக் கொள்ளும் விதியை 1965இல் கொண்டுவந்த அக்கூட்டமைப்பு, 2021இல் அதனைக் கைவிட்டது. வெளியூரில் கோல் அடிப்பது இனியும் அத்துணை அரிய செயலன்று என்பதே அதன் கருத்து.

மும்பையில் நான்கு நாள்கள்

கூட்டத்தின் பயனை வெற்றி தோல்வியால் மட்டும் அளந்துவிட முடியாது என்பதற்கு நம் நாட்டு நிகழ்ச்சி ஒன்று உண்டு. இந்தியாவில் கால்பந்துக்குக் கூட்டம் வராது என்பதில்லை. 1997 ஜூலை 13 அன்று கொல்கத்தாவின் சால்ட் லேக் அரங்கில் ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் மோதியபோது 1,31,000க்கும் மேற்பட்டோர் திரண்டிருந்தனர். ஆனால், 2018 ஜூன் 1 அன்று மும்பையில் இந்திய அணி சீனத் தைபேயை எதிர்கொண்டபோது அரங்கிற்கு வந்தோர் 2,569 பேர் மட்டுமே. இந்தியா 5–0 என வென்றது. அணித்தலைவர் சுனில் சேத்ரி மூன்று கோல்கள் அடித்தார். மறுநாள் அவர் ஒரு காணொலி வெளியிட்டார். எங்களைக் குறை கூறுங்கள், திட்டுங்கள், ஆனால் அரங்கிற்கு வந்து செய்யுங்கள் என்று கைகூப்பி வேண்டினார்.

ஜூன் 4 அன்று கென்யாவுடன் ஆட்டம். நாட்டுக்காகச் சேத்ரி ஆடும் 100ஆவது ஆட்டமும் அதுவே. சீட்டுகள் அனைத்தும் விற்றுத் தீர்ந்தன. கொட்டும் மழையிலும் கூட்டம் கலையவில்லை. நீர் தேங்கிய தரையில் பந்து உருள மறுத்தது. இந்தியா 3–0 என வென்றது. அவற்றுள் இரண்டு கோல்கள் சேத்ரியுடையவை. கூட்டம் இல்லாதபோது ஐந்து கோல், இருந்தபோது மூன்று கோல் என்று கணக்குப் பார்ப்போரும் இருக்கலாம். எதிரணி வேறு, வானிலை வேறு என்பதால் அக்கணக்கு செல்லாது. சேத்ரி கைகூப்பிக் கேட்டபோது அவருடைய அணி தோற்றிருக்கவில்லை. ஐந்து கோல் வேறுபாட்டில் வென்றிருந்தது.